நூற்றுக்கு எத்தனை பேர்: கொலஸ்ட்ரால் மாத்திரையின் கணக்கு

கொலஸ்ட்ரால் என்பது ஒரு நோயின் பெயரன்று. ஆனாலும் "சுகர் இருக்கிறது", "பிரஷர் இருக்கிறது" என்பதைப் போல "கொலஸ்ட்ரால் இருக்கிறது" என்று சொல்லும் வழக்கம் ஊன்றிவிட்டது. உடலில் இருக்கவே கூடாத ஏதோ ஒரு கழிவு இரத்தத்துக்குள் புகுந்துவிட்டது என்ற எண்ணத்தை அந்த வழக்கு உண்டாக்கிவிடுகிறது. மெழுகு போன்ற இந்தப் பொருள் இல்லையென்றால் உடலின் உயிரணு ஒன்றுகூடத் தன்னைச் சூழ்ந்திருக்கும் சவ்வை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியாது. செரிமானத்துக்கு வேண்டிய பித்த அமிலங்களும், வைட்டமின் டி-யும், பாலியல் ஹார்மோன்களும் இதை மூலப்பொருளாகக் கொண்டே உருவாகின்றன. உணவின் வழியே வருவதைவிட உடல் தானே தயாரித்துக்கொள்ளும் அளவு அதிகம்; அதில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. மாதக்கணக்கில் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கிவைத்தவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் பெரிதாக இறங்காமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது என்பதால் இரத்தத்தில் அது தனியே மிதந்து செல்ல இயலாது. புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்ணிய உருண்டைகளில் ஏற்றப்பட்டே பயணம் செய்கிறது. இவ்வுருண்டைகளுக்குக் கொழுப்புப்புரதங்கள் என்று பெயர். அவற்றுள் அடர்த்தி குறைந்த வகையான எல்டிஎல், அளவு மிகும்போது தமனிச் சுவரின் உட்புறத்தில் தங்கிப் படிவை உண்டாக்குகிறது. அந்தப் படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறையும்போது இதயத்தில் மாரடைப்பும் மூளையில் பக்கவாதமும் நேர்கின்றன. எல்டிஎல் உருண்டைகளைப் பற்றி உள்ளிழுத்துக்கொள்ளும் கொக்கி போன்ற புரதங்கள், அதாவது ஏற்பிகள், உயிரணுக்களின், குறிப்பாகக் கல்லீரல் உயிரணுக்களின், மேற்பரப்பில் இருப்பதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் ஆவர். அதற்காக 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஏற்பி மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதை அவர்கள் ஆராய்ந்தார்கள். புகையோ, சர்க்கரை நோயோ, முதுமையோ இல்லாத அந்தச் சிறு உடல்களில் மிகுந்திருந்தது எல்டிஎல் ஒன்றே.

எல்டிஎல் கெடுதல் செய்யும் என்பது ஒன்று. அதை மருந்தால் குறைத்தால் ஆயுள் நீளும் என்பது வேறொன்று. முதலாவது உறுதிப்பட்ட பின்பும் இரண்டாவது நெடுங்காலம் உறுதிப்படவில்லை. 1960-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரைபாரனால் என்ற மருந்து கொலஸ்ட்ராலைக் குறைக்கத்தான் செய்தது; ஆனால் அது உற்பத்தியின் கடைசிப் படியைத் தடுத்ததால் அதற்கு முந்தைய பொருள் உடலில் தேங்கியது. கண்புரையும் முடி உதிர்வும் தலைகாட்ட, 1962-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் எடின்பரோ, புடாபெஸ்ட், பிராக் ஆகிய நகரங்களில் 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் குளோஃபைப்ரேட் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. 1978-இல் வெளிவந்த அதன் முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது: கொலஸ்ட்ரால் குறைந்தது, மாரடைப்பும் ஓரளவு குறைந்தது, ஆனால் மருந்து உண்டவர்களிடையே மொத்த மரணங்கள் கூடின. கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றி எழும் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவோர் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். எண் இறங்குவதும் மனிதர் பிழைப்பதும் எப்போதும் ஒன்றாகவே நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதைக் கண்ணெதிரே கண்டவர்களின் ஐயம் அது.

இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இரவில் விழுங்கும் ஸ்டேட்டின் வகை மருந்துகளின் தொடக்கம் ஒரு பூஞ்சணத்தில் இருக்கிறது. ஜப்பானின் சான்கியோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, சில பூஞ்சைகள் தங்களோடு போட்டியிடும் நுண்ணுயிர்களை ஒடுக்குவதற்காகக் கொலஸ்ட்ரால் போன்ற பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சுரக்கக்கூடும் என்று கருதினார். 1971-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைச் சலித்தெடுத்த பிறகு, கியோட்டோ நகரத்து அரிசியில் படர்ந்திருந்த பச்சை நீலப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து, பெனிசிலினைத் தந்த அதே பேரினத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்து, 1973-இல் காம்பாக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். கொலஸ்ட்ரால் உற்பத்தி பல படிகளைக் கொண்டது. அதன் தொடக்கப் பகுதியில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒரு நொதியை, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதத்தை, காம்பாக்டின் முடக்கியது. டிரைபாரனாலைப் போலக் கடைசிப் படியில் கைவைக்காததால் நச்சான இடைப்பொருள் தேங்குவதில்லை. ஆனால் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு பலனும் தெரியவில்லை. தடுக்கப்பட்ட நொதியை எலியின் கல்லீரல் ஏராளமாக உற்பத்தி செய்து ஈடுகட்டிவிட்டது என்பது பின்னரே புரிந்தது. திட்டம் கைவிடப்படும் நிலையில், முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ராலை வைக்கும் கோழி தன் உடலில் அதை மிகுதியாக உற்பத்தி செய்ய வேண்டுமே என்ற யோசனை பிறந்தது. 1976-இல் முட்டையிடும் கோழிகளின் தீவனத்தில் காம்பாக்டின் கலக்கப்பட்டது. இரத்தக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாய்களிடம் நச்சு விளைவு தெரிகிறது என்ற அச்சத்தால் காம்பாக்டின் கடைசிவரை சந்தைக்கு வரவில்லை. அதன் உடன்பிறப்பான லோவாஸ்டேட்டின் மெர்க் நிறுவனத்தால் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டு 1987-இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

ஸ்டேட்டின் வேலை செய்யும் முறை சற்றுச் சுற்றுவழியானது. உற்பத்தி தடைப்பட்டதும் கல்லீரல் உயிரணு பற்றாக்குறையை உணர்ந்து, பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் கண்ட அந்த ஏற்பிகளைக் கூடுதலாக முளைக்கச் செய்து, இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு குறைவது பெரும்பாலும் இதனாலேயே. மாத்திரையின் அளவை இருமடங்காக்கினால் பலனும் இருமடங்காகும் என்று பலர் எண்ணுவதுண்டு. அப்படி நடப்பதில்லை, ஒவ்வொரு முறை இருமடங்காக்கும்போதும் எல்டிஎல் மேலும் சுமார் 6 சதவீதமே குறைகிறது, பக்கவிளைவுக்கான வாய்ப்போ அவ்வளவு சிக்கனமாக ஏறுவதில்லை.

குளோஃபைப்ரேட் எழுப்பிய கேள்விக்குத் தெளிவான பதில் 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது. ஏற்கெனவே இதய நோய் கண்டிருந்த 4,444 பேரில் பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டேட்டினும், மறுபாதிக்கு மருந்துப்போலியும், அதாவது தோற்றத்தில் மாத்திரையைப் போன்றே இருந்தும் மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரையும், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுக்கப்பட்டன. வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேரும் சிம்வாஸ்டேட்டின் உண்டவர்களில் 182 பேரும் இறந்தனர். நூற்றுக்கு 12 பேர் இறக்க வேண்டிய இடத்தில் 8 பேரே இறந்தனர். எந்த நோயால் இறந்தாலும் மரணம் மரணமே என்பதால், மொத்த மரணத்தைக் குறைத்த இந்த முடிவோடு கொலஸ்ட்ரால் மருந்துகளின் பழைய அவப்பெயர் கழுவப்பட்டது எனலாம்.

அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியிலிருந்து வெளிவந்த ஆய்விலிருந்துதான் இன்றுவரை ஓயாத வழக்கு தொடங்குகிறது. அதில் சேர்ந்த 6,595 ஆண்களுக்கு, 45 முதல் 64 வயதினர், கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தது. ஆனால் மாரடைப்பு வந்ததில்லை. பிரவாஸ்டேட்டின் என்ற மருந்தைச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் உண்டவர்களிடம் மாரடைப்பும் இதய நோய் மரணமும் 31 சதவீதம் குறைந்தன. இந்த 31 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 7.9 பேருக்கு அந்தத் துயரம் நேர்ந்தது. மருந்து உண்டவர்களில் 5.5 பேருக்கு நேர்ந்தது. 7.9-இலிருந்து 5.5-க்கு இறங்குவதை 7.9-ஆல் வகுத்தால் அதை ஒட்டி, 30 சதவீதம் சொச்சம் கிடைக்கிறது. இது ஒப்பீட்டுக் குறைவு. வெறுமனே கழித்தால் கிடைப்பது நூற்றுக்கு 2.4 பேர்; இது நேரடிக் குறைவு. நூறு ஆண்கள் ஐந்து ஆண்டுகள் நாள் தவறாமல் மாத்திரை விழுங்கினால் அவர்களுள் இரண்டு, மூன்று பேர் தப்பிக்கிறார்கள். ஏறத்தாழ 92 பேருக்கு மாத்திரை உண்டாலும் உண்ணாவிட்டாலும் அந்த ஐந்தாண்டில் ஒன்றும் நேர்ந்திராது. ஐந்தாறு பேருக்கு மாத்திரை உண்டும் நேர்கிறது. இரண்டு கணக்குகளிலும் பொய் இல்லை. ஆனால் விளம்பரத்தாளில் 31 அச்சாவதும் எதிர்ப்பாளரின் கட்டுரையில் 2.4 அச்சாவதும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

பல ஆய்வுகளின் தரவைத் திரட்டி ஆராயும் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று, எல்டிஎல் டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகக் கணக்கிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும், நோயுற்றவருக்கும் உறாதவருக்கும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது எதன்மீது அந்த ஐந்தில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது என்பதே. பத்து ஆண்டில் நூற்றுக்கு 40 பேர் மாரடைப்பை எதிர்நோக்கும் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது எட்டுப் பேர். நூற்றுக்கு 5 பேர் மட்டுமே எதிர்நோக்கும் கூட்டத்தில் அது ஒருவர். பக்கவிளைவோ இந்த இரு கூட்டங்களிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருகிறது. ஸ்டேட்டின் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், இரு அணியினரும் வெவ்வேறு கூட்டங்களை மனத்தில் வைத்துப் பேசுவதுதான்.

ஐயவாதிகளின் வாதங்களில் கூர்மையானது 2015-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. பதினொரு ஆய்வுகளை எடுத்து, அவை நடந்த காலத்துக்குள் ஸ்டேட்டின் மரணத்தைச் சராசரியாக எத்தனை நாள் தள்ளிப்போட்டது என்று கணக்கிட்டபோது, இதய நோய் இல்லாதவர்களுக்கு 3.2 நாள், உள்ளவர்களுக்கு 4.1 நாள் என்ற இடைநிலை விடை கிடைத்தது. ஐந்தாண்டு மருந்துக்கு நான்கே நாளா என்று எவரும் கேட்கத்தான் செய்வர். ஆனால் இந்தச் சராசரி, ஒன்றும் பெறாத பெரும்பான்மையினரையும் பல ஆண்டுகளைப் பெற்ற சிலரையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிவிடுகிறது. ஆய்வு முடிந்த நாளோடு கணக்கையும் மூடிவிடுகிறது. தமனிப் படிவு ஐந்தாண்டில் உருவாவதில்லை, நாற்பது ஐம்பது ஆண்டுகளில் உருவாவது. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்து, அதனால் வாழ்நாள் முழுவதும் எல்டிஎல் 28 சதவீதம் குறைவாகக் கொண்டிருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்களிடம் இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததென்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. மருந்து நடுவயதில் சில ஆண்டுகள் செய்வதற்கும் இயற்கை பிறப்பிலிருந்து செய்வதற்கும் உள்ள இடைவெளி இது.

இனி தீங்குகளைப் பார்க்கலாம். ஸ்டேட்டினின் மெய்யான, அபூர்வமான, கொடிய தீங்கு தசைச் சிதைவு: தசையின் உயிரணுக்கள் உடைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும் நிலை. செரிவாஸ்டேட்டின் என்ற மருந்து இவ்வகையில் சுமார் 50 உயிர்களைப் பறித்தபின் 2001-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இறந்தவர்களில் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற வேறொரு கொழுப்பு மருந்தையும் கூடவே உண்டவர்கள். சிம்வாஸ்டேட்டின் 80 மில்லிகிராம் அளவைப் புதிதாக எவருக்கும் தொடங்க வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் அறிவித்ததும் இதே காரணத்தால்தான். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் சில ஸ்டேட்டின்கள் உடலில் சிதையாமல் தேங்கச் செய்பவை என்பதால், காய்ச்சலுக்குப் போகும் இடத்திலும் இந்த மாத்திரை உண்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சர்க்கரை நோய் விஷயத்தில் எதிர்ப்பாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2010-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஸ்டேட்டின் உண்டவர்களிடம் சர்க்கரை நோய் 9 சதவீதம் கூடியிருந்தது. நேரடிக் கணக்கில் 255 பேர் நான்கு ஆண்டுகள் உண்டால் கூடுதலாக ஒருவருக்கு வருகிறது. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு வெளியிட்ட கணக்கில் குறைந்த, நடுத்தர அளவுகளுக்கு இது 10 சதவீதமாகவும் உயர் அளவுகளுக்கு 36 சதவீதமாகவும் இருந்தது. அப்படி நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சர்க்கரை அளவு வரம்பின் விளிம்பில் நின்றவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் அந்த விளிம்பில் நிற்போர் 13 கோடிக்கும் மேற்பட்டோர் என்பதால், மற்றவர்களைவிட இந்திய வாசகருக்கு இது நெருக்கமான செய்தி. மாரடைப்பு கண்டவருக்கு இந்த விலை கொடுக்கத் தக்கது. இடர் குறைந்த, விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு உயர் அளவு மாத்திரையை யோசிக்காமல் எழுதிக்கொடுப்பது நல்ல மருத்துவமன்று.

மிகுதியாகக் கேட்கப்படும் புகார் இவை இரண்டுமன்று, உடல் வலி. கால் சதை பிடிக்கிறது, தோள் கனக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று மாத்திரையை நிறுத்துவோர் ஏராளம். இதைச் சோதிக்க லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வகுத்த முறை எளிமையால் அழகானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு புட்டிகள் கொடுக்கப்பட்டன: நான்கில் அட்டோர்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராம், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு வெறும் காலிப் புட்டிகள். மாதம் ஒரு புட்டி என்று முறை மாற்றி எடுத்து, ஒவ்வொரு நாளும் தங்கள் துன்பத்துக்குச் சுழியம் முதல் நூறு வரை மதிப்பெண் இட வேண்டும். காலிப் புட்டி மாதங்களின் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. மாத்திரை உண்ணும்போது துன்பம் இருமடங்கானது மெய். அதில் பத்தில் ஒன்பது பங்கு மருந்தே இல்லாத மாத்திரையாலும் உண்டானது என்பதும் மெய். தீங்கை எதிர்பார்ப்பதாலேயே விளையும் இத்தகைய துன்பத்தை நோசிபோ விளைவு என்பர். வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. அந்த அறுபது பேரும் வலியை மெய்யாகவே உணர்ந்தார்கள். நோயாளியிடம் "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு இந்த ஆய்வை ஆதாரமாக்கும் மருத்துவர், அதைச் சரியாகப் படிக்கவில்லை. தம் மதிப்பெண்களைத் தாமே பார்த்தபின் அவர்களுள் பாதிப் பேர் ஆறு மாதங்களுக்குள் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள்.

பெரிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன: 2022-இன் தொகுப்பில் தசை வலி சொன்னவர்கள் ஸ்டேட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 26.6 சதவீதம். இதற்கும் ஐயவாதிகளிடம் பதில் உண்டு, அது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பிரிட்டனின் பெரிய ஆய்வொன்றில் 32,000 பேருக்கு மேல் சில வாரங்கள் முன்னோட்டமாக மாத்திரை உண்ண வைக்கப்பட்டு, அதன்பின் 20,536 பேரே ஆய்வில் சேர்க்கப்பட்டனர். காரணங்கள் பல இருப்பினும், மருந்து ஒத்துக்கொள்ளாத சிலரும் அந்தச் சல்லடையில் வெளியேறியிருக்கக் கூடும். ஆக்ஸ்ஃபோர்டு குழு தன்னிடமுள்ள தனிநபர் தரவை வெளியாருக்கு வழங்குவதில்லை என்ற குறையும் நியாயமானது. மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் நடந்த ஆய்வுகளின் தரவைப் பூட்டிவைத்துக்கொண்டு, நம்பிக்கையின்மையைப் பற்றி வருந்துவது பொருந்தாது.

அதே வேளையில் ஐயத்துக்கும் உயிர்விலை உண்டு. 2013 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி ஸ்டேட்டினுக்கு எதிரான நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியதைத் தொடர்ந்து 60,000-க்கும் மேற்பட்டோர் மாத்திரை வாங்குவதில் சரிவு ஏற்பட்டதாக அந்நாட்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நிகழ்ச்சி பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே மாதத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இரு கட்டுரைகள், ஸ்டேட்டின் உண்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு வருகிறது என்ற பிழையான கூற்றுக்காக 2014-இல் திருத்தப்பட்டன.

தெற்காசியரைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒன்று, இதய நோய் இவர்களுக்கு முன்கூட்டியே வருகிறது. அமெரிக்க இதய மருத்துவர்களின் 2018 வழிகாட்டல் தெற்காசிய வம்சாவளியையே இடரைக் கூட்டும் காரணியாகக் குறிக்கிறது. மற்றொன்று, மருந்தும் இவர்கள் உடலில் கூடுதலாகத் தங்குகிறது. சிங்கப்பூரில் வாழும் இந்திய வம்சாவளியினர், அதே ஊரில் வாழும் வெள்ளையர் உண்ட அதே அளவு ரோசுவாஸ்டேட்டினை உண்டபோது, அவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. சீனரிடம் இரு மடங்குக்கும் மேல். ஆசியருக்கு 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துச் சீட்டில் அச்சாகியிருப்பது இதனால்தான்.

ஆகவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கேள்விப்பட்டதை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. வலி என்றால் அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டேட்டினுக்கு மாறவோ வழி உண்டு. இதுவரை ஒன்றும் வராதவர், லிப்பிட் பரிசோதனைச் சீட்டில் தடித்த எழுத்தில் அச்சான எல்டிஎல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. அவருடைய வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்து, தமக்குப் பத்து ஆண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, மாத்திரை உண்டால் அது எத்தனையாகும் என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.